கறுவாத்தோட்டமும் பூங்காவும்

கொழும்பு மாநகரின் ஏழாம் அஞ்சல் வலயத்தைச் சிங்களவர் குருந்துவத்தை என்றும் தமிழர் கறுவாத்தோட்டம் என்றும் வழங்குவர். விகாரமகாதேவிப் பூங்காவை அடுத்து, மாளிகைகளும் நிழல்மரச் சாலைகளும் நிறைந்த இப்பகுதி செல்வத்தின் குறியீடாகவே பேசப்படுகின்றது. ஆயின் பெயர் செல்வரைக் குறிப்பதன்று. ஒரு பயிரைக் குறிப்பது. அப்பயிரில் உழைத்தோர் இவ்விடத்தின் நினைவிலிருந்து எவ்வாறு மறைந்தனர் என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

ஒல்லாந்தர் நெடுங்காலம் கறுவாவைக் காடுகளிலிருந்தே பெற்றனர். சிறந்த காடுகள் பல கண்டி மன்னனின் எல்லைக்குள் இருந்தமையால், பகை மூளுந்தோறும் வழங்கல் தடைப்பட்டது. எனவே தேசாதிபதி ஃபல்க் 1769இல் மருதானைப் பகுதியில் அதனைப் பயிரிடச் செய்தார். பட்டை உரிக்கும் பணி சலாகம சாதியினர்மீது பரம்பரைக் கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. அச்சுமைக்கு அஞ்சித் தம் பிள்ளைகளை வேறு சாதியினரெனப் பதியச் செய்ய முயன்ற பெற்றோரும் உளர். பெயர்ப்பதிவே ஒரு குழந்தையின் ஆயுட்கால உழைப்பை நிர்ணயித்ததெனின், அவ்வாட்சியின் இயல்பை வேறு விளக்க வேண்டியதில்லை. அனுமதியின்றிக் கறுவாவை வெட்டுவோர் மரணதண்டனைக்கும் உள்ளாகலாம்.

1796இல் கொழும்பைக் கைப்பற்றிய ஆங்கிலேயரும் தனியுரிமையைக் கைவிட்டாரல்லர். கோல்புறூக் ஆணைக்குழு விசாரணைகளின் பயனாக 1832இல் இராசகாரியமும் 1833இல் கறுவாத் தனியுரிமையும் ஒழிந்தன. அரச தோட்டங்கள் காலப்போக்கில் தனியார் கைக்கு மாறின. உழைத்தோருக்கு விடுதலை கிடைத்தது. நிலமோ பணமுடையோருக்குக் கிடைத்தது.

1875இல் துறைமுக அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. துறைமுகம் வளர, முகத்துவாரப் பக்கத்தில் வாழ்ந்த செல்வர் அமைதி நாடித் தெற்கே பெயர்ந்தனர். 1877இல் நூதனசாலை திறக்கப்பட்டது. விக்ரோறியாப் பூங்கா அவர்தம் மாலை உலாவுக்குரியதாயிற்று. வீதிகள் பான்ஸ், ஹோட்டன், வோட், றொஸ்மீட் எனத் தேசாதிபதிகளின் பெயர்களைத் தாங்கின. அவருள் ஹோட்டனே தனியுரிமை ஒழிந்த காலத்துத் தேசாதிபதி என்பதை அவ்வீதியில் வாழ்வோர் எத்தனை பேர் அறிவரோ!

இங்குக் குடியேறியோர் ஆங்கிலேயர் மட்டுமல்லர். ஆங்கிலங்கற்ற சுதேச உயர்குழாத்தினரும் இதையே தம் இருப்பிடமாகக் கொண்டனர். பொன்னம்பலம் இராமநாதன் வோட் பிளேசிலும், அவர்தம் இளவல் அருணாசலம் ஹோட்டன் பிளேசிலும் வாழ்ந்தனர். இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரான அருணாசலம் 1919இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தையும் தோற்றுவித்தார். பெருந்தோட்டங்களில் உழைத்த இந்தியத் தமிழரின் இன்னலை எடுத்துரைத்த அவரை வர்க்கநலம் ஒன்றையே கொண்டு எடைபோடுதல் நேர்மையன்று. எனினும் ஒரு தோட்டத்தின்மேல் எழுந்த மாளிகையிலிருந்தே மற்றொரு தோட்டத்தின் துயர் பேசப்பட்டது என்பதும் வரலாறே.

இரண்டாம் உலகப்போரிற் படையினர் பூங்காவில் முகாமிட்டனர். 1951இல் அது மீண்டும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1958இல் பிரித்தானிய இராணியின் பெயர் நீங்கி, துட்டகைமுனுவின் தாயான விகாரமகாதேவியின் பெயர் சூட்டப்பட்டது. சுற்றியுள்ள வீதிகளுட் பல மட்டும் தேசாதிபதிகளின் பெயர்களுடனேயே நிலைத்தன. நூதனசாலையின் முன்றிலில் கிரகரியின் சிலையும் நிற்கின்றது.