ஸ்டியரிங்கில் சுற்றிக்கொண்ட வயர்

"அப்பா, நிஜ ரேஸ் கார்ல இந்த வயர் எப்படிப்பா சுத்திக்காம இருக்கு?"

போன தீபாவளி லீவில் பையன் கேட்ட கேள்வி. பத்தாவது படிக்கிறான். கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஓட்ட மேசையில் மாட்டியிருந்த பழைய ஸ்டியரிங் வீலைக் கழற்றிவிட்டு, பிளைவுட்டில் அவனே அறுத்த வட்டத்தில் பத்துப் பன்னிரண்டு பட்டன் பதித்து மாட்டியிருந்தான். இரண்டு சுற்று சுற்றியதும் வயர் தண்டில் சாரைப்பாம்பு மாதிரி சுருண்டது. மூன்றாவது வளைவில் பிய்த்துக்கொண்டு கையோடு வந்துவிட்டது.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். 2001-ல் பட்டம் வாங்கிய கையோடு டெல்லிப் பக்கம் பொட்டி தட்ட வந்தவன், அதற்கப்புறம் சால்டரிங் அயர்னைத் தொட்டதே இல்லை. "நெட்ல தேடிப் பாருடா" என்று நழுவப் பார்த்தேன். தங்கமணி பார்த்த பார்வையில் அது நடக்கவில்லை :-) சரி என்று உட்கார்ந்து படித்ததில் தெரிந்துகொண்ட கதை இது.

ரொம்ப காலம் ஸ்டியரிங் வீலுக்கும் கரண்டுக்கும் இருந்த ஒரே உறவு ஹாரன்தான். பிறகு ஏர்பேக் வந்தது. வீலோடு சுற்றும் ஏர்பேக்குக்கு எப்போதும் அறாத இணைப்பு வேண்டும். அதற்காக, கடிகார ஸ்பிரிங் போல சுருட்டி வைத்த தட்டை வயர் ஒன்றை வீலுக்குப் பின்னால் வைத்தார்கள். இந்தப் பக்கம் திருப்பினால் இறுகும், அந்தப் பக்கம் திருப்பினால் தளரும். நம்ம வீட்டு வாசலில் நிற்கும் காரிலும் இதுதான்.

ரேஸ் கார் கதை வேறு. அங்கே வீல் கனமானது 1989-ல். ஃபெராரிக்காக இங்கிலாந்தில் கில்ஃபோர்டில் உட்கார்ந்து கார் வரைந்துகொண்டிருந்த ஜான் பர்னார்டுக்கு கியர் கம்பி பெரிய தொல்லை. அது போகும் இடத்துக்காகவே காரை அகலமாக்க வேண்டியிருந்தது. கம்பியையே தூக்கிவிட்டு, வீலுக்குப் பின்னால் இரண்டு துடுப்பு வைத்தார். ஒன்றை இழுத்தால் கியர் ஏறும், மற்றதை இழுத்தால் இறங்கும். கிளட்ச் பெடல் வண்டியைக் கிளப்ப மட்டும். அந்த ஃபெராரி 640 சோதனை ஓட்டங்களில் நின்று நின்று மானத்தை வாங்கியது. பிரேசிலில் முதல் ரேஸ். எப்படியும் பாதியில் நிற்கும் என்று நினைத்து, ஓட்டுநர் நைஜல் மான்செல் சீக்கிரமே கிளம்பும் விமானத்தில் டிக்கெட் போட்டு வைத்திருந்ததாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். ரேஸ் நடுவில் ஸ்டியரிங் வீலே ஆட்டம் கண்டு, பிட்டில் நிறுத்தி வேறு வீல் மாட்டிக்கொண்டு போய், கடைசியில் ஜெயித்தே விட்டார்!

இதில் என்னை உட்கார வைத்த விஷயம் ஒன்று உண்டு. எல்லாரும் திட்டியது கியர்பாக்ஸை. ஆனால் கோளாறின் வேர் பெரும்பாலும் அதில் இல்லை. என்ஜின் அதிர்வில் ஆல்டர்னேட்டர் பெல்ட் கழன்றுகொள்ள, கியர்பாக்ஸுக்குப் போக வேண்டிய மின்சாரம் வற்றிப்போனது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

துடுப்பு வந்த வழியிலேயே பட்டன், விளக்கு, திரை எல்லாம் வீலுக்கு வந்து சேர்ந்தன. 2005-ல் ஜோர்டான் அணியில் நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனபோது, வீல் ஏற்கெனவே ஒரு சின்ன கம்ப்யூட்டர். 2011 அக்டோபரில் கிரேட்டர் நொய்டாவில் அவர் ஓட்டியபோது ஆபீஸ் நண்பர்களோடு போயிருந்தேன். கேலரியிலிருந்து வீல் எங்கே தெரிந்தது, காதுதான் அடைத்தது!

பையன் கேள்விக்குப் பதில் இதுதான்: ஃபார்முலா ஒன் வீலுக்கும் வயர் உண்டு. வீலைக் கழற்றி மாட்டும் பூட்டிலேயே மின் இணைப்பும் இருக்கிறது. ஆனால் அந்த வீல் ஒரு பக்கத்துக்கு அரைச் சுற்றுக்கு மேல் பெரும்பாலும் போகாது, அதனால் வயருக்கு ஆபத்தில்லை. மேசையில் மாட்டும் வீல் அப்படியில்லை. 2006-ல் வந்த லாஜிடெக் ஜி25 காலத்திலிருந்தே 900 டிகிரி, அதாவது இரண்டரைச் சுற்று. அதிலும் இன்றைக்கு ரேஸ் வீல், நாளைக்கு லாரி வீல் என்று மாற்றி மாற்றி மாட்டுவார்கள். நிஜ காரில் இல்லாத பிரச்சினை பொம்மைக் காரில் வந்தது இப்படித்தான்.

நிற்க. வயரை விட்டுவிட்டு பட்டனுக்கு வருவோம். 1996-ல் வந்த யூ.எஸ்.பி.யில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. கீபோர்டு, மவுஸ், ஜாய்ஸ்டிக் எல்லாம் ஒரே பொது மொழியில் பேசினால் போதும், தனித்தனி டிரைவர் வேண்டாம். அந்த மொழி பேசும் ஒரு போர்டு கிடைத்தால், யார் வேண்டுமானாலும் வீட்டில் வீல் செய்யலாம். 2000-களில் இங்கிலாந்தின் லியோ பாட்னர் எலக்ட்ரானிக்ஸ் விற்ற சின்ன போர்டு அப்படிப்பட்டது: 32 பட்டன், 8 அனலாக் உள்ளீடு. 2005-ல் இத்தாலியின் இவ்ரேயா ஊரில் மாணவர்களுக்காக ஆர்டுயினோ பிறந்தது (பெயர் அந்த ஊர் பார் ஒன்றிலிருந்து எடுத்தது!). 2012-ல் வந்த ஆர்டுயினோ லியனார்டோவின் சில்லு தானே யூ.எஸ்.பி. பேசும் என்பதால், அதையே ஜாய்ஸ்டிக் ஆக்கிவிட முடிந்தது.

25 பட்டனுக்கு 25 கால் வேண்டுமே என்று பையன் கவலைப்பட்டான். வேண்டாம். ஐந்து வரிசை, ஐந்து நெடுவரிசை, மொத்தம் பத்து வயர், பல்லாங்குழி மாதிரி. ஒவ்வொரு வரிசையாகக் கரண்ட் விட்டு எந்தக் குழியில் கை இருக்கிறது என்று சில்லு பார்த்துக்கொள்ளும். மூன்று பட்டனைச் சேர்த்து அழுத்தினால் அழுத்தாத நாலாவதும் அழுத்தியதாகக் காட்டும், அதைத் தடுக்க பட்டனுக்கு ஒரு டயோடு. பரீட்சைக்கு நான் மனப்பாடம் செய்த டயோடு எதற்கு என்று இத்தனை வருஷம் கழித்துப் புரிந்தது. சொன்னால் வெட்கக்கேடு.

இப்போது வயரை அறுக்கும் கதை. 1942-ல் ஹாலிவுட் நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தைலும் ஒரு காப்புரிமை பெற்றார்கள். டார்பிடோவுக்குப் போகும் ரேடியோ கட்டளையை எதிரி குழப்பாமலிருக்க, அலைவரிசையை மாற்றி மாற்றித் தாவ வேண்டும் என்பது யோசனை. தாவ 88 அலைவரிசை, பியானோ கட்டை எண்ணிக்கை! கடற்படை அப்போது கண்டுகொள்ளவில்லை. ஆனால் அதே மாதிரித் தாவல்தான் புளூடூத்தின் உயிர். 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒரு பொதுக்கிணறு. அதில் வைஃபையும் இறைக்கும், மைக்ரோவேவ் அடுப்பும் இறைக்கும். தாவாமல் பிழைக்க முடியாது. 2005 ஜனவரியில் இந்திய அரசு இந்த அலைவரிசையில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்று ஆணையிட்டது. 2010-ல் வந்த புளூடூத் 4.0, சின்ன பேட்டரியிலும் நாள் கணக்கில் ஓடும் வகையைக் கொண்டுவந்தது. அதைப் பேசும் சில்லுகள் அடுத்து வந்தன: 2015-ல் நார்வேயின் நார்டிக் என்ஆர்எஃப்52, 2016-ல் ஷாங்காய் எஸ்பிரெசிஃபின் ஈஎஸ்பி32. 2019-ல் பின்லாந்தின் கிரானைட் டிவைசஸ் சிமுக்யூப் 2 மோட்டாரோடு, வீல் செய்கிறவர்களுக்கென்றே ஒரு வயர்லெஸ் போர்டும் கொடுத்தது.

ரேடியோவில் தாமதம் வராதா? வரும். புளூடூத் 4.0 கொண்டுவந்த வகையில் இரண்டு சந்திப்புக்கு நடுவே குறைந்தது 7.5 மில்லிசெகண்ட். 300 கிலோமீட்டர் வேகத்தில் கார் அதற்குள் இரண்டு அடி போயிருக்கும். ஆனால் வீல் எவ்வளவு திரும்பியது என்பது காற்றில் போவதில்லை. அதை அடியிலிருக்கும் மோட்டாரே அளந்து வயரில் அனுப்பிவிடும். காற்றில் போவது பட்டனும் கியர் துடுப்பும்தான். கியருக்கு இரண்டு அடி தாமதம் பொறுக்கும்.

லஜ்பத் ராய் மார்க்கெட்டில் ஈஎஸ்பி32 போர்டு ஒன்று, லித்தியம் செல் ஒன்று வாங்கி வந்தோம். பட்டனெல்லாம் அவன் வேலை. பேட்டரி இணைப்பு இஞ்சினியர் அப்பா வேலை. சார்ஜ் ஏற்றியதும் அருமையாக ஓடியது. அரை மணி கழித்து, சரியாக வளைவில் கியர் போடும்போது இணைப்பு போய்விடும். இரண்டு வாரம் புளூடூத்தைத் திட்டினேன். வைஃபை ரவுட்டரை இடம் மாற்றினேன். கோடை மூன்று தடவை மாற்றி எழுதினேன். கடைசியில் "உன் சால்டரிங்தான் சரியில்லை" என்றேன். பையன் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டான். வீல் ஒரு வாரம் அலமாரி மேல் கிடந்தது. வீட்டில் பேச்சும் "சாப்டியா", "சாப்டேன்" அளவுக்குச் சுருங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்டிமீட்டரோடு வந்து நின்றான். "அப்பா, நீங்க சொன்னீங்கல்ல, பிரேசில்ல கியர்பாக்ஸ் மேல தப்பில்லன்னு..."

அதேதான். நான் செல்லை இணைத்தது போர்டின் 5 வோல்ட் காலில். அங்கிருக்கும் ரெகுலேட்டர் 3.3 கொடுக்க, அதற்கு மேல் ஒரு வோல்ட்டுக்கும் அதிகமாகத் தின்னும். முழு சார்ஜில் 4.2 வோல்ட், ஒப்பேற்றிவிடும். 3.8-க்கு இறங்கினால், ரேடியோ பேசும் ஒவ்வொரு தடவையும் கரண்ட் சட்டென்று ஏறி வோல்டேஜ் சரியும், சில்லு மயங்கி மறுபடி எழும். புளூடூத் மேல் தப்பில்லை. அவன் சால்டரிங் மேலும் தப்பில்லை. டேட்டாஷீட்டில் ஒரு வரி படிக்காத என் மேல்தான் தப்பு. குறைவாகத் தின்னும் ரெகுலேட்டர் ஒன்றைப் போட்டதும் சரியாகிவிட்டது.

"சாரிடா, தப்பு என்னோடதுதான்" என்றேன். என் அப்பா என்னிடம் அப்படிச் சொன்னதாக ஞாபகமில்லை. அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஓகே ஓகே, அடுத்து பெடல் செய்யலாமாப்பா?" என்றான்.

இந்த முறை பேட்டரியை அவன் இணைக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம் :-)