முழுமையற்ற விவரக்குறிப்பும் காப்புரிமை இழப்பும்: ஆர்க்ரைட் வழக்கை முன்வைத்து

முன்னுரை

காப்புரிமை என்பது அரசுக்கும் கண்டுபிடிப்பாளருக்கும் இடையிலான ஓர் உடன்பாடு. குறிப்பிட்ட காலத்திற்குத் தனியுரிமை வழங்கப்படுகிறது. அதற்கு ஈடாகக் கண்டுபிடிப்பின் நுட்பம் பொதுமக்களுக்கு வெளிப்படுத்தப்பட வேண்டும். அவ்வெளிப்பாடு குறைவுற்றால் உரிமை என்னாகும் என்ற வினாவுக்கு, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் நடந்த ரிச்சர்ட் ஆர்க்ரைட்டின் வழக்குகள் விடையளித்தன. அவ்விடையையும் பிற்காலச் சட்டத்தில் அதன் தொடர்ச்சியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

விவரக்குறிப்பின் நிலை

அக்கால வழக்கப்படி முதலில் காப்புரிமை வழங்கப்பட்டது. விவரக்குறிப்பு அதன்பின் சில திங்களுக்குள் பதிவு செய்யப்பட்டது. அது முழுமையானதா என்பதை எந்த அலுவலரும் ஆராயவில்லை. ஆகவே குறை இருப்பின், பல ஆண்டுகள் கழித்து நீதிமன்றத்தில்தான் அது வெளிப்பட்டது. 1778இல் லியார்டெட் எதிர் ஜான்சன் வழக்கில், அத்தொழில் அறிந்த ஒருவர் விவரக்குறிப்பைக் கொண்டே பொருளை உருவாக்க இயல வேண்டும் என்ற கருத்தை மான்ஸ்ஃபீல்டு பிரபு வலியுறுத்தினார்.

ஆர்க்ரைட்டின் மறைப்பு

நூற்பு எந்திரத்திற்கு 1769இல் காப்புரிமை பெற்ற ஆர்க்ரைட், கார்டிங் எனப்படும் பஞ்சைச் சிக்கெடுத்துச் சீராக்கும் பணிக்கும் அதனைச் சார்ந்த எந்திரங்களுக்கும் 1775இல் மற்றொன்றைப் பெற்றார். உரிமையை மீறியோர்மீது அவர் தொடுத்த வழக்கு 1781இல் தோல்வியுற்றது. விவரக்குறிப்பு போதுமானதன்று என்பதே காரணம். பின்னர் நாடாளுமன்றத்தின் ஆதரவை நாடி 1782இல் வெளியிட்ட அறிக்கையில், தம் எந்திரங்கள் அயல்நாட்டார் கைக்குச் செல்லாதிருக்க விவரங்களை வேண்டுமென்றே முழுமையாகத் தரவில்லை என அவரே ஒப்புக்கொண்டார். நாட்டுநலன் கருதிய செயலாக அவர் முன்வைத்த அவ்விளக்கம், உடன்பாட்டில் தம் பங்கை நிறைவேற்றவில்லை என்ற ஒப்புதலாகவும் அமைந்துவிட்டது.

1785 பிப்ரவரியில் வேறொரு நீதிமன்றத்தில் அவர் வெற்றி பெற்றார். விவரக்குறிப்பு போதுமானது என அங்குச் சான்றளித்தோருள் ஜேம்ஸ் வாட்டும் ஒருவர். வாட்டின் நீராவி எந்திர விவரக்குறிப்பிலும் வரைபடம் இல்லை என்பதால், அச்சான்றில் அவருடைய சொந்த அக்கறையும் கலந்திருந்தது எனக் கருத இடமுண்டு. எனினும் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அரசின் பெயரால் நடந்த வழக்கில் மூன்று வினாக்கள் எழுந்தன: கண்டுபிடிப்பு புதியதா, அது ஆர்க்ரைட்டினுடையதா, விவரக்குறிப்பு போதுமானதா. தீர்ப்பு அவருக்கு எதிராக அமைந்தது, காப்புரிமை நீக்கப்பட்டது. அதன்பின் அவ்வெந்திரங்களை எவரும் அவருடைய இசைவின்றிப் பயன்படுத்த இயன்றது.

சட்டம் கண்ட தீர்வு

இவ்வழக்குகளை நோக்குமிடத்து, முழுமையின்மை இருவகைப்படும் எனலாம். ஒன்று, ஆய்வு இன்னும் முதிராமையால் நேர்வது. மற்றொன்று, அறிந்ததை மறைப்பதால் நேர்வது. பழைய நடைமுறை இவ்விரண்டையும் பிரித்தறிய வழி செய்யவில்லை. 1852ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம் முதல்வகைக்கு இடமளித்தது. விண்ணப்பத்துடன் தற்காலிக விவரக்குறிப்பை அளித்து, ஆறு திங்களுக்குள் முழு விவரக்குறிப்பைப் பதிவு செய்யலாம் என்றாயிற்று.

இந்தியாவில் நீதிபதி என். இராஜகோபால ஐயங்கார் 1959இல் அளித்த அறிக்கையை அடியொற்றி உருவான 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்திலும் இவ்வேறுபாடு தெளிவாக உள்ளது. தற்காலிக விவரக்குறிப்பு அளித்தவர் 12 திங்களுக்குள் முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும் என்கிறது பிரிவு 9. கண்டுபிடிப்பையும் அதனைச் செயற்படுத்தும் சிறந்த முறையையும் முழுமையாக விவரிக்குமாறு பிரிவு 10 பணிக்கிறது. அதில் குறையிருப்பின், வழங்கப்பட்ட காப்புரிமையையும் பிரிவு 64இன்கீழ் நீக்கலாம்.

முடிவுரை

முதிராமைக்குக் கால அவகாசம் தரும் சட்டம், மறைப்புக்கு அதனைத் தருவதில்லை. தம் எந்திரத்தைக் காக்கவென்றே ஆர்க்ரைட் விவரங்களைக் குறைத்தார். அக்குறையே அவ்வெந்திரத்தின் மீதிருந்த உரிமையை அவர் இழக்கக் காரணங்களுள் ஒன்றாயிற்று. வெளிப்படுத்துதலே உரிமையின் விலை என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.