பழைய ரைஃபிள், சின்ன பட்ஜெட்: எதை மாத்தலாம், எதைத் தொடக்கூடாது?

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, .303 லீ-என்ஃபீல்டு போன்ற ராணுவ உபரி ரைஃபிள்கள் அமெரிக்காவில் சல்லிசாகக் கிடைத்தன. பலரும் கட்டையைச் செதுக்கி, பேரலைக் குறுக்கி வேட்டைத் துப்பாக்கி ஆக்கினாங்க. இன்னிக்கு சேகரிப்பாளர்களிடம் வெட்டாத ஒரிஜினலுக்குத்தான் மவுசு!

நம்ம ஊர்ல? 1959 ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் பேரலைக் குறுக்குவது குற்றம். ரிப்பேர்னா, உரிமம் பெற்ற துப்பாக்கிப் பட்டறைக்குத்தான் போகணும்.

பட்ஜெட் வழி, .177 ஏர் ரைஃபிள். 20 ஜூலுக்குக் குறைவான ஆற்றல் என்றால் லைசென்ஸ் தேவையில்லை. அதனால ஸ்பிரிங்கை மாத்தி பவர் கூட்டாதீங்க. எல்லை தாண்டினால் லைசென்ஸ் கேட்பாங்க.

வெளியே இதெல்லாம் செய்யலாம்:

* உள்ளே பெல்லட் இல்லைன்னு முதல்ல உறுதிசெய்யுங்க.
* கட்டையை உப்புத்தாளால் தேய்த்து, லின்சீட் ஆயில் பூசுங்க.
* தோள்பட்டைக்கு, திருப்பூரில் கிடைக்கிற கெட்டியான காட்டன் நாடா போதும்.
* கன்னம் பதியும் இடத்தில் பனியன் துணியைச் சுற்றினால் குறி பார்க்கச் சரியான உயரம் கிடைக்கும்.
* எண்ணெய் துடைக்க பனியன் வேஸ்ட்.

குறி, காகித டார்கெட் மட்டும். மயில், முயல் பக்கம் திருப்பினால் 1972 வனவிலங்குச் சட்டம் பாயும்!