ஆணையும் மனச்சான்றும்

அரசாணைக்கு அடங்கி நடத்தல் குடிகளின் கடமை. ஆயின், அவ்வாணை ஒருவனது சமய உணர்ச்சிக்கே மாறாக நின்றால் அவன் யாது செய்தல் வேண்டும்? பல்லவ மன்னனின் அழைப்பாணையை ஏற்க மறுத்த திருநாவுக்கரசு நாயனார், அவன் விதித்த நீற்றறைத் தண்டத்துக்கு அஞ்சி ஓடினாரல்லர் எனப் பெரியபுராணம் கூறும். ஆணையை மறுத்தல், மறுத்ததன் பயனைத் தாமே ஏற்றல் என்னும் இவ்விரண்டும் சேர்ந்ததே அந்நெறி. அண்மைக் காலத்தில் இதனைத் தென்னாபிரிக்க இந்தியர் வரலாற்றிற் காணலாம்.

1906ஆம் ஆண்டில் திரான்சுவால் அரசு, இந்தியர் யாவரும் விரல் அடையாளம் இட்டுப் பதிவு செய்தல் வேண்டுமென ஒரு சட்டம் வகுத்தது. செப்டெம்பர் 11ஆந் திகதி ஜொகன்னஸ்பேர்க் நகரிற் கூடிய இந்தியர், அதற்குப் பணிவதில்லை எனத் தீர்மானித்தனர். கடவுளைச் சான்றாக வைத்துச் சபதம் செய்வோம் என்றார் ஹாஜி ஹபீப் என்னும் இஸ்லாமியப் பெரியார். அத்தகைய சபதம் விளையாட்டன்று. ஏனையோர் கைவிடினும் தனித்து நின்று காக்க வல்லவரே அதனைச் செய்யலாம் எனக் காந்தியடிகள் எச்சரித்தார். சபையோர் எழுந்து நின்று சபதம் செய்தனர். 1908 சனவரியில் நீதிமன்றில் நின்ற காந்தியடிகள், குற்றத்தை ஒப்புக்கொண்டு கடுந்தண்டனையையே கேட்டார். இரண்டு மாதச் சிறை கிடைத்தது.

1913 மார்ச்சில் இதனினும் பெரிய சோதனை வந்தது. கிறிஸ்தவ முறைப்படி நடவாமலும் பதிவு பெறாமலும் உள்ள விவாகங்கள் செல்லா எனக் கேப் மாகாண நீதிபதி சேர்ள் தீர்ப்பளித்தார். இந்து, இஸ்லாமிய, பார்சிப் பெண்கள் பலர், தம் சமய முறைப்படி மணம் புரிந்தும், சட்டத்தின் கண்ணில் மனைவியராகாது போயினர். அதுகாறும் போராட்டத்திற் சேர்க்கப்படாதிருந்த மகளிர் இப்போது முன்வந்தனர். கஸ்தூரிபாய் அம்மையார் சிறை புகுந்தார். தமிழ்ப் பெண்கள் பலர் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று, ஒப்பந்தம் முடிந்த தொழிலாளர்மீது சுமத்தப்பட்ட 3 பவுண் வரியை எதிர்க்குமாறு தூண்டினர். தில்லையாடி வள்ளியம்மை என்னும் இளநங்கை சிறையிலிருந்து கொடுங் காய்ச்சலுடன் மீண்டு, 1914 பெப்ரவரி 22இல் உயிர் நீத்தாள். நோய்ப்படுக்கையிலும் அவள் சிறை சென்றதற்கு வருந்தவில்லை எனக் காந்தியடிகள் எழுதியுள்ளார்.

இம்மறுப்புக்கும் ஓர் எல்லை இருந்தது. 1914 சனவரியில் ஐரோப்பிய ரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் அரசு இடருற்றபோது, காந்தியடிகள் தாம் அறிவித்திருந்த பயணத்தை ஒத்திவைத்தார். அநீதியான சட்டத்தை நீக்குவதன்றி, அரசை வீழ்த்துவது அவர் நோக்கமன்று. அவ்வாண்டிலேயே இயற்றப்பட்ட இந்தியர் நிவாரணச் சட்டம் விவாகங்களை ஏற்றது. 3 பவுண் வரியையும் நீக்கியது. குறைகள் யாவும் தீர்ந்தனவல்ல. ஆயினும் சபதம் வீண்போகவில்லை.

இளைஞர்காள்! நமக்கு ஒவ்வாத சட்டத்தையெல்லாம் மீறுவது வீரமாகாது. மனச்சான்றுக்கு மாறான ஒன்றை மாத்திரம், வெளிப்படையாக, எவருக்கும் தீங்கின்றி மறுத்து, அதன் தண்டனையைத் தலைமேற் கொள்பவன் சட்டத்தை அவமதிப்பவனல்லன். அச்சத்தாற் பணிந்து மறைவில் மீறுபவனைக் காட்டிலும் அவனே அதனை மதிப்பவன்.