குழுவிலிருந்து தனிக்குரலுக்கு: மலையகம் நடக்காத பாதை

பொப்பிசை உலகில் திரும்பத் திரும்ப நிகழும் ஒரு கதை உண்டு. நான்கைந்து இளைஞர்கள் சேர்ந்து ஒரு குழு அமைப்பார்கள். பெயரும் புகழும் வரும். சில ஆண்டுகளில் அவர்களுள் ஒருவர் பிரிந்து, தம் பெயரிலேயே பாடத் தொடங்குவார். குழுவைவிட அவர் பெயர் பெரிதாகிவிடும்.

அண்ணன்மாருடன் 'ஜாக்சன் 5' குழுவில் பாடிய சிறுவன் மைக்கல் ஜாக்சன், 1982 இல் 'த்ரில்லர்' இசைத்தொகுப்பின் மூலம் உலகையே ஆண்டார். வயது ஏறினால் விலகிவிட வேண்டும் என்று விதி வைத்திருந்த போர்ட்டோ ரிக்கோவின் 'மெனுடோ' குழுவில் 1984 இல் சேர்ந்த ரிக்கி மார்ட்டின், 1989 இல் வெளியேறி, அடுத்த பத்து ஆண்டுகளில் உலகப் பாடகரானார். 'டேக் தட்' குழுவிலிருந்து 1995 இல் பிரிந்த ரொபி வில்லியம்ஸின் கதையும் இதுவே.

இவற்றை எழுதுவோர் பெரும்பாலும் பிரிவைப் பற்றியே எழுதுகிறார்கள். யாருக்கு யார் மீது மனக்கசப்பு, பணத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பனவே அவர்களுடைய விசாரணை. எனக்கு அதற்கு முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது. பிரிவதற்கு முன்னர் சேர்ந்திருக்க வேண்டுமல்லவா? சேர்ந்திருப்பதற்கு என்ன வேண்டும்? தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் இக்கேள்வி நெடுநாளாக என்னைத் தொடர்ந்து வருகிறது.

இலங்கையில் இக்கதையின் நாயகர் யார் என்று கேட்டால், தயங்காமல் கிளாரன்ஸ் விஜேவர்த்தன என்பேன். சிங்களப் பொப்பிசையின் தந்தை என்று அவரைச் சிங்கள இரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். தமிழ் வாசகர் பலர் அறியாத செய்தி, அவர் பிறந்தது அப்புத்தளையில் என்பதாகும். 1943 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 3 ஆம் திகதி, தேயிலை மலைகளின் நடுவே பிறந்த குழந்தை அவர். பிற்காலத்தில் இரத்தினபுரிப் பகுதியில் தோட்டமொன்றில் பணியாற்றினார். அங்கேதான் அனஸ்லி மாலேவனவுடனும் வேறு சில இளைஞர்களுடனும் சேர்ந்து, 1960களின் நடுப்பகுதியில் 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவைத் தொடங்கினார். மூன்ஸ்டோன் என்பது சந்திரகாந்தக் கல். இரத்தினக் கற்களின் ஊரில் பிறந்த குழுவுக்குப் பொருத்தமான பெயர்தான்.

அன்றைய சிங்கள இசைச் சூழலையும் சிறிது நினைவுகூர வேண்டும். ஒரு பக்கம் அமரதேவ போன்றோரின் செவ்விய மெல்லிசை. மறுபக்கம் இந்தித் திரைப்பாடல் மெட்டுகளின் ஆதிக்கம். இவற்றுக்கிடையே நெவில் பெர்னாண்டோவின் 'லொஸ் கபலேரோஸ்' போன்ற குழுக்கள் கலிப்ஸோ பாணியில் கிட்டாரும் குரலொத்திசையுமாகப் பாடிக்கொண்டிருந்தன. கிளாரன்ஸ் கொண்டுவந்தது வேறொன்று. மின்கிட்டாரை முன்னிறுத்தினார், சிதாரையும் அதனுடன் இசைய வைத்தார், சாதாரணப் பேச்சுமொழியில் பாடல் எழுதினார். இலங்கை வானொலியின் அறிவிப்பாளர் விஜய கொறயா இக்குழுவை முன்னுக்குக் கொண்டுவந்தார். இந்திராணி பெரேராவின் குரலும் பின்னர் சேர்ந்துகொண்டது. 'மேங்கோ நந்தா', 'தில்ஹானி' ஆகிய பாடல்கள் வீடு வீடாக ஒலித்தன. ஜெரால்ட் விக்கிரமசூரியவின் 'சூரிய' இசைத்தட்டுகள் அந்தத் தலைமுறையின் அடையாளமாயின.

பிறகு வழக்கமான திருப்பம். 1970களின் தொடக்கத்தில் கிளாரன்ஸ் மூன்ஸ்டோன்ஸை விட்டு விலகி 'கோல்டன் சைம்ஸ்' குழுவை அமைத்தார். அதன் பின்னர் அனஸ்லியுடன் மீண்டும் இணைந்து 'சுப்பர் கோல்டன் சைம்ஸ்'. அதற்கும் பிறகு ஒலிநாடாக் காலத்தில் தம் பெயரே முகவரியாகத் தனித்துப் பாடினார். 1996 டிசம்பர் 13 ஆம் திகதி அவர் மறைந்தபோது, நாடு ஒரு குழுவின் உறுப்பினரை அல்ல, தனிப்பெரும் கலைஞரை இழந்ததாகவே துயருற்றது. ஆனால் அந்தத் தனிக்குரல் பழுத்தது குழுக்களில் என்பதை மறந்துவிடலாகாது. ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் ஒரே இளைஞர்கள் கூடுவதும் ஒத்திகை பார்ப்பதும் சண்டையிடுவதும் மீண்டும் கூடுவதுமாக இருந்தார்கள். அதற்கான காலமும் இடமும் அவர்களுக்கு வாய்த்தன.

அதே காலத்தில் ஈழத்தமிழரிடையேயும் பொப்பிசை எழுந்தது. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடலால் அதற்கு வித்திட்டார். அடுத்து ஏ. ஈ. மனோகரன் வந்தார். போர்த்துக்கேயர் காலத்து எச்சமான பைலாவின் துள்ளலைத் தமிழுக்குக் கொண்டுவந்து, சிங்களமும் தமிழும் கலந்த 'சுராங்கனி'யைக் கடல் கடக்கச் செய்தார். 1977 இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜாவின் இசையில் மலேசியா வாசுதேவனின் குரலில் அப்பாடல் ஒலித்தது. 'சிலோன் மனோகர்' என்ற பெயரில் தமிழ்த்திரையில் நடிகராகவும் வலம்வந்த மனோகரன், 2018 ஜனவரி 22 ஆம் திகதி சென்னையில் காலமானார்.

இவ்விருவரும் வடபுலத்தின் பிள்ளைகள். கிளாரன்ஸ் மலையில் பிறந்தும் சிங்களப் பாடகர். அப்படியாயின் லயத்துப் பிள்ளைகள் எங்கே?

குரல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மலையகத்தில் பாட்டு என்பதே கூட்டமாகப் பாடுவதுதான். மாசி மாதத்தில் காமன் கூத்து, பின்னர் பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்று தோட்டம் முழுவதும் கூடி ஆடிய மரபு எங்களுடையது. பிரட்டுக்கு ஆட்களை எழுப்பிய அதே தப்புத்தான் திருவிழாவிலும் சாவீட்டிலும் முழங்கியது. அட்டனைத் தளமாகக் கொண்டு 1930களில் தொழிற்சங்கம் வளர்த்த கோ. நடேசய்யர் பாடல்களையும் ஆயுதமாக்கினார். அவர் துணைவி மீனாட்சி அம்மையார் கூட்டங்களில் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். மடகொம்பரையில் பிறந்து, 1947 இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். குரலும் தாளமும் கூட்டமும் கேட்பாரும் இருந்த மண் இது.

காரணங்கள் பல. முதலாவது வறுமை. தினக்கூலியில் வாழும் குடும்பம் கிட்டார் வாங்குவதெங்ஙனம்? பெரும்பாலான லயங்களில் மின்சாரமே இல்லாத காலத்தில் மின்கிட்டாரை எதில் செருகுவது? 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தபோது இசைக்கருவிகள் இன்னும் எட்டாத தூரம் போயின.

இரண்டாவது தென்னிந்தியத் திரைப்பாடல். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை மயில்வாகனனார் காலம் தொட்டுத் தமிழகத்தையே கட்டிப்போட்டிருந்தது. அதன் உயிர்நாடி சினிமாப் பாட்டுத்தான். எங்கள் தோட்டத்தில் கடைக்கார ஐயாவிடம் ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிறவர்கள் அங்கே நின்று கேட்பார்கள். அட்டன், பதுளை, கண்டி நகரங்களில் இருந்த மெல்லிசைக் குழுக்கள் கோயில் திருவிழாக்களில் அப்பாடல்களையே பாடின. நன்றாகப் பாடுகிறவருக்குக் கிடைத்த உயர்ந்த பட்டம் 'எங்கள் ஊர் டி.எம்.எஸ்.' என்பதாகும். சொந்தப் பாட்டுக்கு அங்கே பட்டமில்லை.

ஆயினும் இவ்விரண்டையும்விட ஆழமான மூன்றாவது காரணம் ஒன்றுண்டு என்பது என் எண்ணம். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட இம்மக்களை, 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் எண்ணிக்கையாகப் பிரித்தது. 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. ஒப்பந்தத்தை நிறைவேற்றக் குறிக்கப்பட்ட காலம் 15 ஆண்டுகள்.

இந்த ஆண்டுகளை மீண்டும் பாருங்கள். மூன்ஸ்டோன்ஸ் தோன்றியதும், கிளாரன்ஸ் தனித்து உயர்ந்ததும், நித்தியும் மனோகரனும் பாடியதும் ஏறத்தாழ இதே பதினைந்து ஆண்டுகளில்தான். இரத்தினபுரியில் இளைஞர்கள் கூடி ஒத்திகை பார்த்த மாலைகளில், மலையகத்து இளைஞர்கள் தம் குடும்பத்துக்கு எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வரும் என்று காத்திருந்தார்கள். ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை. தலைமன்னாருக்குப் புறப்பட்ட இரயிலை எங்கள் மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றழைத்தார்கள்.

எனக்கு ஒன்பது, பத்து வயதிருக்கும்போது எங்கள் லயத்தில் ஆர்மோனியம் வாசிக்கும் ஓர் அண்ணன் இருந்தார். டோலக் வாசித்தவர் அடுத்த காம்பிராவில். மார்கழிப் பசனைக்கு இவர்கள்தாம் உயிர். அவ்வப்போது சினிமா மெட்டில் தோட்டத்துச் செய்திகளை வைத்துக் கட்டிப் பாடுவார்கள். கணக்கப்பிள்ளையும் அதில் தப்பமாட்டார். ஆர்மோனிய அண்ணனின் குடும்பத்துக்குப் பயணத்துக்கான கடிதம் வந்தது. பெட்டியைத் தூக்கிச் செல்ல வழியில்லாமல் கோயிலுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த மார்கழியில் டோலக் மட்டும் ஒலித்தது. சில காலம் சென்றபின் அதுவும் நின்றது. அவர்களுக்கு மனக்கசப்பு இல்லை, பணப் பங்கீட்டில் பிணக்கு இல்லை. அந்தக் குழுவைக் கலைத்தது ஒரு பட்டியல்.

உலகத்துக் குழுக்கள் புகழ் வந்ததால் உடைந்தன. எங்கள் குழுக்கள் பெயர் வைத்துக்கொள்வதற்கு முன்னரே உடைந்தன. பிரிந்த பிறகு தனிப்பாடகர் உருவாக வேண்டுமானால், பிரிவதற்கு முன் பத்து ஆண்டுகளாவது ஓரிடத்தில் நிலைத்திருக்க வேண்டும். அந்தப் பத்து ஆண்டுகளைத்தான் ஒப்பந்தம் எடுத்துக்கொண்டது. போனவர்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் தேயிலைத் தோட்டக் கழகத்து மலைகளில் புதிதாக வேர்விடப் போராடினார்கள். இருந்தவர்களுக்கோ 1977, 1981, 1983 என்று அடுத்தடுத்து வன்செயல்கள். 1984 இல் போரினால் தலைமன்னார்க் கப்பல் நின்றபோது, ஒரு தலைமுறையின் இளமை கடந்துவிட்டிருந்தது.

2023 ஆம் ஆண்டு, மலையகத் தமிழர் வரலாற்றின் இருநூறாவது ஆண்டாக நினைவுகூரப்பட்டது. அதே ஆண்டில் புசல்லாவைப் பகுதித் தோட்டமொன்றைச் சேர்ந்த சிறுமி ஒருத்தி சென்னை சென்று, தொலைக்காட்சியின் 'சரிகமப' மேடையில் பாடினாள். உலகத் தமிழர் இலட்சக்கணக்கில் பார்த்தார்கள், பலர் கண்கலங்கினார்கள். நானும் பார்த்தேன். மலையகத்தின் தனிக்குரல் இறுதியில் உலக மேடையைத் தொட்டுவிட்டது என்ற மகிழ்ச்சி எனக்கும் உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். குழு என்ற படியில் கால் வைக்காமலே அந்தக் குரல் மேடையேறிவிட்டது. அவளுக்குப் பின்னால் அமர்ந்து வாசித்தவர்கள் சென்னையின் தேர்ந்த கலைஞர்கள். அவள் பாடியதும் பெரும்பாலும் திரைப்பாடல்களே. குரல்கள் எப்போதும் எங்களிடம் இருந்தன. போட்டிகள் அவற்றை ஒன்றிரண்டாகப் பொறுக்கி எடுத்துச் செல்கின்றன. தோட்டத்துப் பாடசாலையில் ஐந்தாறு பிள்ளைகள் ஒரே அறையில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வாசித்து, தாங்களே பாட்டுக் கட்டி, சண்டையிட்டுப் பிரியும் நாள் இன்னும் வரவில்லை. அவர்கள் பிரிந்தார்கள் என்ற செய்தியை எழுதக் கிடைத்தால், அதை நான் துக்கச் செய்தியாக எழுதமாட்டேன்.