எழுதி வைக்கப்படாத தடயம்: குரங்கணித் தீயை முன்வைத்து

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில், பின்னர் மருத்துவமனையில் இறந்தவர்களையும் சேர்த்து, 23 பேர் உயிரிழந்தனர். சென்னைக் குழு ஒன்று, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துக் குழு ஒன்று. இரண்டும் கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்தவை. புல்லுக்கு வைத்த தீ என்றார்கள், யாரோ வீசிய நெருப்பு என்றார்கள். விவாதம் ஓயவில்லை.

தீ தன் தடயத்தைத் தானே தின்றுவிடும் என்பது வழக்கமான சமாதானம். அது பாதி உண்மைதான். எரிந்த சரிவில் கல்லின் எந்த முகத்தில் கரி அப்பியிருக்கிறது, மிஞ்சிய புல்தாள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்தே தீ வந்த வழியைப் பின்னோக்கி நடந்துவிடலாம். சில நாள்களுக்குத்தான். மீட்புக்கு ஓடிய கால்களும் முதல் மழையும் அதைக் கலைத்துவிடும். மீட்கப் போனவர்களை யாரும் குறை சொல்ல முடியாது.

தடயம் குவிந்திருந்தால் மட்டும் போதுமா? 1959 பிப்ரவரியில் வடக்கு யூரல் மலையில் தியாத்லோவ் மலையேற்றக் குழுவினர் 9 பேர் இறந்தபோது நாட்குறிப்பு, புகைப்படச் சுருள், உள்ளிருந்து கிழிக்கப்பட்ட கூடாரம் எல்லாமே கிடைத்தன. ஆனால் கூடாரத்தைக் கண்டதே மூன்று வாரங்களுக்குப் பிறகு. அன்றிரவுப் பனியின் நிலையை யாரும் அளந்திருக்கவில்லை. 2021இல் ஆய்வாளர்கள் கௌம், புஸ்ரின் இருவரும் முன்வைத்த பனிப்பாளச் சரிவு விளக்கம் கணக்கீட்டின் பலத்தில் நிற்கிறது. அதனால்தான் எதிர்வாதங்களும் நிற்கின்றன.

முன்கூட்டியே எழுதி வைப்பது எப்படி என்பதற்குத் தொழிற்சாலையைப் பார்க்கலாம். சென்னையை அடுத்த ஒரகடத்துத் தொழிற்சாலையில் வெல்டிங் பொறி பறக்கும் முன் ‘ஹாட் ஒர்க் பர்மிட்’ என்ற அனுமதிச் சீட்டில் இடம், நேரம், பொறுப்பாளர் பெயர் மூன்றும் ஏறியாக வேண்டும். வேலை முடிந்த பிறகும் ஒருவர் அங்கேயே நின்று பார்க்க வேண்டும். சைரன் அடித்தால் அசெம்பிளி பாயிண்டில் தலை எண்ணுவார்கள். குரங்கணியிலோ மலையில் இருந்தவர்கள் 36 பேரா, 39 பேரா என்றே முதலில் செய்திகள் மாறி மாறி வந்தன. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் போகும் பாதைக்குத்தான் அனுமதி, கொழுக்குமலைக்கு அல்ல என்றது அரசு. ஆகவே இங்கே காணாமல்போன சான்றில் பெரும்பகுதி நெருப்பில் போனதல்ல, முதலிலிருந்தே எழுதப்படாதது.

காடு தொழிற்சாலை அல்லவே என்று கேட்கலாம். நியாயம். மாடு மேய்ப்பவரும் தேயிலைத் தோட்டத் தொழிலாளியும் தினம் நடக்கும் தடத்தில் கேட் போட்டுக் கையெழுத்து வாங்க முடியாது. ஆனால் நான் கேட்பது நடப்பவர்களின் பதிவேட்டை மட்டுமல்ல. தீத்தடுப்புக் கோடு எப்போது வெட்டப்பட்டது, முதல் புகையை யார், எத்தனை மணிக்குப் பார்த்தார் என்பவை வனத்துறையின் கையிலேயே இருக்க வேண்டிய பதிவுகள். ஐஏஎஸ் அதிகாரி அதுல்ய மிஸ்ரா தலைமையில் அரசு விசாரணை நடந்தது, வனச்சரகர் ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். யார் தவறினார் என்ற கேள்வி வேறு, தீ எங்கே பிடித்தது என்ற கேள்வி வேறு.

2024இல் 40 பாதைகளுடன் தொடங்கிய அரசின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் இணையவழி முன்பதிவு தருகிறது. போகிறவர் பெயர் இனி ஏட்டில் இருக்கும். தீ பிடித்த இடத்தைக் காணச் செயற்கைக்கோள் இருக்கிறதே என்பார்கள். செயற்கைக்கோளில் இருந்து தீயைக் கண்டறியும் விஐஐஆர்எஸ் கருவியின் ஒரு கட்டத்தின் பக்கமே சுமார் 375 மீட்டர். புல்சரிவும் மாட்டுத்தடமும் நடைபாதையின் இரண்டு வளைவுகளும் அந்த ஒரே சதுரத்துக்குள் அடங்கிவிடும்.