மாமா கொடுத்த பவர் பேங்க்... மாடல் நம்பர் பார்த்தீங்களா?

காரைக்கால் பக்கம் பல வீடுகளில் போனும் பவர் பேங்க்கும் கடையில் வாங்கியதாக இருக்காது. பிரான்ஸிலோ, சிங்கப்பூரிலோ, துபாயிலோ இருக்கும் மாமா ஊருக்கு வரும்போது கொண்டுவந்ததாக இருக்கும். இல்லைன்னா, அண்ணன் பயன்படுத்திவிட்டு உங்களுக்குக் கொடுத்ததா இருக்கும். சந்தோஷம்தான். ஆனா, அந்த மாடலில் கோளாறுன்னு கம்பெனி 'ரீகால்' அறிவித்தால், மெயில் போவது வாங்கியவருக்கு. பயன்படுத்துற உங்களுக்கு இல்லை!

ரீகால்னா என்ன?

தயாரிப்பில் ஆபத்தான குறை இருப்பது தெரிந்ததும், விற்ற பொருளைக் கம்பெனியே திரும்பப் பெற்று, வேறு பொருளோ பணமோ தருவதுதான் ரீகால். 2007-ல் நோக்கியா, அதிகமாகச் சூடாகும் அபாயம் இருந்த 4.6 கோடி 'பிஎல்-5சி' பேட்டரிகளை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. 2016 செப்டம்பரில் சாம்சங், சுமார் 25 லட்சம் 'கேலக்ஸி நோட் 7' போன்களைத் திரும்பப் பெற்றது. மாற்றிக் கொடுத்த போன்களும் தீப்பிடித்ததால், அக்டோபரில் அந்த மாடலையே நிறுத்தியது. 2025 ஜூனில், ஆங்கர் நிறுவனம் அமெரிக்காவில் 11.5 லட்சத்துக்கும் அதிகமான பவர் பேங்க்குகளைத் திரும்பப் பெற்றது. மாடல் நம்பர் 'ஏ1263'.

ஏன் எரியுது?

லித்தியம் அயன் பேட்டரிக்குள் இரண்டு மின்முனைகளையும் பிரித்து வைப்பது ஒரு மெல்லிய படலம். அது கிழிந்தாலோ நசுங்கினாலோ உள்ளுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகும். அந்தச் சூடு அடுத்தடுத்த வேதிவினைகளைத் தூண்ட, சில நொடிகளில் புகை, தீ!

லிஸ்ட்ல இல்லைன்னா பயமில்லையா?

அப்படிச் சொல்ல முடியாது. 2016 செப்டம்பர் 23-ல் சிங்கப்பூரிலிருந்து சென்னை வந்த இண்டிகோ விமானத்தில், தலைக்கு மேலே பை வைக்கும் இடத்திலிருந்து புகை வந்தது. காரணம், ஒரு 'கேலக்ஸி நோட் 2'. ரீகால் பட்டியலில் இல்லாத பழைய மாடல். ஊழியர்கள் தீயணைப்பானை அடித்து, போனைத் தண்ணீரில் போட்டார்கள். விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது.

நீங்க என்ன செய்யணும்?

* பின்பக்கம் இருக்கும் மாடல் நம்பர், சீரியல் நம்பரைக் கம்பெனியின் இணையதளத்தில் சரிபாருங்க. வெளிநாட்டில் வாங்கியதுன்னா, அந்த நாட்டுப் பக்கத்தையும் பாருங்க.
* இங்கே வாங்கினால், 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணை 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் சோதிக்கலாம்.
* பேட்டரி உப்பிடுச்சா? சார்ஜ் போடாதீங்க, அழுத்தாதீங்க, குத்தாதீங்க. குப்பைத்தொட்டியில் போடாமல் சர்வீஸ் சென்டரில் கொடுங்க.
* தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடவே கூடாது.
* விமானத்தில் பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்கணும். செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது.
* கம்பெனி கைவிரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்க.

அடுத்த தடவை உங்க பழைய போனைத் தங்கச்சிக்குக் கொடுக்கும்போது, சார்ஜரோட சேர்த்து இந்தத் தகவலையும் கொடுங்க!